எட்டுப் போட்ட நாட்கள்

புது டயருக்கென்று ஒரு வாசனை உண்டு. மழை பட்டால் அது கொஞ்சம் தூக்கலாகும். இன்று காலை பாம்பூஃப்ளாட் ஜெட்டியில், சாத்தாமுக்கு வண்டிகளை ஏற்றிப்போகும் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றபோது அந்த வாசனை வந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் புது பைக்கோடு நின்றிருந்தாள். பின்பக்கம் சிவப்பில் ஒரு 'எல்'. ஃபெர்ரிக்காரர் கைகாட்டியதும் பதறிப்போய்க் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. பின்னாலிருந்து ஒரே ஹார்ன் சத்தம். நான் மட்டும் அடிக்கவில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது லாங் ஐலண்ட் என்கிற சின்னத் தீவில். எங்கே போவதானாலும் நடை, இல்லையென்றால் படகு. சைக்கிள்கூட ஓட்டிப் பழகவில்லை. அப்பாவிடம் எஞ்சின் வைத்த டிங்கிப் படகு ஒன்று இருந்தது. எட்டு வயதிலேயே அதன் சுக்கானைப் பிடித்துவிட்டேன். ஆனால் படிப்பிலும் விடாப்பிடியாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் பெருவிரலை வைக்காத முதல் ஆள் நான்தான். டிகிரி முடித்ததும் மாட்டுத் தீவனம் விற்கும் டீலர் ஒருவரிடம் வேலை கிடைத்தது. பெரார்கஞ்ச் பக்கம் வயல், தோட்டம் எல்லாம் சுற்றி ஆர்டர் பிடிக்க வேண்டும். முதலாளி ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மூணு மாசத்துல லைசென்ஸோட சொந்த வண்டியில வந்து நிக்கணும். இல்லேன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

அவர் வேறு ஆள் பார்த்தால் நான் ஊருக்குத் திரும்பி டிங்கியில் ஏற வேண்டியதுதான். அப்பாவின் ஆசையும் அதுவே. அம்மா நான் ஆறாவது படிக்கும்போதே இறந்துவிட்டாள். வீட்டில் அவர் தனி. ஊரில் ஜெட்டிக்கு வந்து நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கிருந்து கூப்பிடுவார். எதைப் பேசினாலும் முடிவில் "எப்ப வர்ற?" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

எழுத்துப் பரீட்சை என்றால் எனக்குப் பயமில்லை. எல்.எல்.ஆர். தேர்வுக்கு அத்தனை சாலைக் குறிகளையும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ரயில்வே கேட் குறியைக்கூட விடவில்லை. இந்தத் தீவுகளில் ரயில் ஏது என்று கேட்காதீர்கள். கேள்வியில் வந்தது, சரியாகச் சொன்னேன்.

வண்டியில் ஏறிய பிறகுதான் வினை. பத்து நாள் கோர்ஸ்; அதன் பிறகும் டெஸ்ட் வரை வந்து பழகலாம். பாம்பூஃப்ளாட் ஜெட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு செம்மண் மைதானம். கற்றுக்கொடுத்தவர் பெங்காலிக்காரர், எங்களுக்கெல்லாம் 'தாதா', அதாவது அண்ணன். மெயின்லேண்டில் அந்தச் சொல்லைக் கேட்டால் பயப்படுவார்களாம். எங்கள் தாதா கோழிக்குஞ்சு குறுக்கே வந்தாலும் வண்டியை நிறுத்தி வழிவிடுகிற ஆள். என்னோடு ஆயிஷா அக்கா ஸ்கூட்டி பழகினார். கீழக்கரைக்காரர். பஜாரில் அவர் வீட்டுக்காரருக்குப் பாத்திரக்கடை.

டிங்கியில் பின்னால் உட்கார்ந்து சுக்கானை இடதுபக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலதுபக்கம் திரும்பும். பதினைந்து வருடமாக என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நேராகப் போகும்வரை பிரச்சினையில்லை. தாதா "ரைட்!" என்று கத்தியதும் பதற்றத்தில் கை ஹேண்டிலை இடதுபக்கம் தள்ளிவிடும். வண்டியும் சொன்ன பேச்சுக் கேட்டு இடதுபக்கமே போய் வேலியில் முட்டும்.

"அரே பாபா, ரைட் போலா, ரைட்!" என்று தாதா தலையில் கை வைத்துக்கொள்வார்.

நிறுத்துவதிலும் அதே கதைதான். படகுக்கு பிரேக் கிடையாது. எஞ்சினைத் தணித்துவிட்டால் கரைவரை தானாக மிதந்து போய் நிற்கும். நானும் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, நிற்கும் என்று காத்திருப்பேன்.

"தம்பி, அடியில தண்ணி இல்ல, தரை! கால்கிட்ட பிரேக்குன்னு ஒண்ணு இருக்கு, அதயும் கொஞ்சம் விசாரிங்க!" அக்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்.

எனக்கும் சிரிப்பு வரும். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மீதி இருபத்துமூன்று மணி நேரத்தையும் ஓட்டினேன். அதை விட்டால் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் என் வாடகை அறை. ஒரு பாய், ஒரு ஸ்டவ். தரையில் இரண்டு தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, கைகளை ஹேண்டில் பிடித்த மாதிரி நீட்டிக்கொண்டு எட்டு வடிவத்தில் நடந்து பழகுவேன். வாயாலேயே "ரைட், லெஃப்ட்" சொல்லிக்கொள்வேன். யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். பார்க்க யாருமே வரமாட்டார்கள் என்பது இரண்டு மூன்று நாளில் தெரிந்தது. அப்புறம் தாழ்ப்பாள் போடவில்லை.

முதல் டெஸ்டில் எட்டின் நடுவில் கை பழைய புத்தியைக் காட்டியது; காலை ஊன்றிவிட்டேன். ஃபெயில். அதே நாளில் அக்கா பாஸானார். "அடுத்த தடவ வாங்கிருவீங்க தம்பி," என்றவர் மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. ஏன் வரப்போகிறார்? மூன்று மாதக் கெடுவில் பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தபோது இரண்டாவது டெஸ்ட். இந்தத் தடவை கால் ஊன்றாமல் சுற்றி வந்து நின்றேன். அதிகாரி தலை நிமிராமல் டிக் அடித்துவிட்டு "நெக்ஸ்ட்" என்றார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன், லைன் போகவில்லை. எதிரில் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு "பாஸாயிட்டேன்" என்றேன். கடைக்காரர் "அச்சா" என்று சொல்லிக்கொண்டே கிளாஸைக் கழுவினார்.

அடுத்து ஒரு பழைய பைக் வாங்கி, அதற்கு இன்சூரன்ஸ் போடப் போனேன். கவுண்டரில் இருந்தவர் தமிழ்க்காரப் பெண்தான். "நாமினி பேரு?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். "வயசு?"

தெரியவில்லை. இத்தனை படித்தும் அப்பாவின் வயது எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து விடாமல் அடித்துப் பார்த்தேன். நாலாவது தடவை கிடைத்தார்.

"என் வயச யாருடா எழுதி வச்சா? அது எதுக்கு இப்ப?"

"வண்டி இன்சூரன்ஸுப்பா. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா உங்க பேருக்குப் பணம் வரும்."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கயிறு போடச் சொல்லிக் கூவினார்கள்.

"இது இல்லாட்டி வேல தர மாட்டாங்களா?"

"வண்டியே ஓட்ட முடியாதுப்பா."

"அப்ப எந்த வயசு போட்டா உனக்கு வேல நிக்குமோ, அதயே போட்டுக்க."

உள்ளே போய் ஐம்பத்தெட்டு என்றேன். வாயில் வந்தது.

வேலை நிலைத்தது. இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அழைப்புகள் அதன் பிறகும் வந்தன. மீன் கிடைத்ததா, மழை எப்படி என்று பேசுவோம். ஆனால் எப்ப வர்ற என்று அவர் அப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை. ஒருநாளாவது கேட்கமாட்டாரா என்று போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருப்பேன்.

செம்மண் மைதானத்தில் இப்போது குடோன் வந்துவிட்டது. ஆயிஷா அக்கா குடும்பம் கடையைக் கைமாற்றிவிட்டு சென்னைக்குப் போய்விட்டது. தாதாவின் நம்பருக்கு அடித்தால் வேறு யாரோ எடுக்கிறார்கள். அப்பாவும் போன மழைக்காலத்தில் போய்விட்டார். இறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில் ஃபார்மைப் பார்த்துக்கொண்டே வயது கேட்டார்கள். ஐம்பத்தெட்டோடு இடையில் போன ஆறு வருடத்தைக் கூட்டி, அறுபத்துநான்கு என்றேன். எழுதிக்கொண்டார்கள்.