மதில் தாண்டி வந்த வாய்ப்பாடு

பாகூர் பக்கத்து அரசுப் பள்ளியின் மதிலோரம், மாலையில் பிள்ளைகளை அழைக்க வரும்போது அவரைப் பார்ப்பேன். கரும்பு விவசாயி. சட்டைக் காலரில் காய்ந்த கரும்புச் சோகைத் தூள் ஒட்டியிருக்கும். மொபெட்டை நிறுத்திவிட்டு, மதில் பக்கம் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்.

நாங்கள் இருவரும் அங்கே படித்தவர்கள்தான். அப்போது கடைசி மணி நேரத்தில் பள்ளி முழுக்க வாய்ப்பாடு கத்துவோம். சத்தம் வயல் வரைக்கும் கேட்கும்.

"இப்ப சத்தமே காணோம்பா. படிப்பு போச்சி. பொண்ண பிரைவேட்டுல சேத்துடலாம்னு பாக்குறேன்" என்றார் ஒருநாள்.

"அப்ப கத்துனோமே, உங்க மனசுல இன்னா தங்குச்சி?" என்றேன்.

அவர் காலரில் இருந்த தூளைத் தட்டிவிட்டார்.

"எங்க தங்குச்சி. கூட்டத்தோட வாய அசைப்பேன். வாத்தியாருக்குத் தெரியவே தெரியாது." பிறகு குரலைத் தணித்தார். "எம்பொண்ண தனியா எழுப்பிக் கேக்குறாங்களாம். டக்குனு சொல்லிடுதாம்."

அடுத்த வருடமும் மகள் அங்கேதான் படித்தாள். அவரும் அதே இடத்தில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. அவர் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.