மூடியின் உட்புறம்

சைதாப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஆற்றுப் பாலத்தை ஒட்டிய பழைய இரும்புக் கடைக்கு வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் என் வீட்டில் பழைய கம்ப்யூட்டர்கள் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டாவது இங்கே, உடைந்த கீசர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. சோதனைக்காகச் செய்த மாதிரிக் கம்ப்யூட்டர். விற்பனைக்கு வரவே இல்லை. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னப் பட்டறையில் இதைச் செய்தவர்களில் என் அண்ணனும் ஒருவன்.

ஆயுத பூஜையன்று வெளியே பொட்டு வைத்தால் முதலாளி திட்டுவார் என்று, மூடியின் உட்புறம் கட்டைவிரலால் சந்தனம் அப்பிவிடுவான். அண்ணன் இறந்து ஆறு வருடமாகிறது. கடைக்கார அக்கா போன வாரம் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் அந்தச் சந்தனம் காய்ந்து, விரல் அச்சோடு அப்படியே இருந்தது. அதற்காகத்தான் ரயிலேறினேன்.

அக்கா மூடியைக் கழற்றிக் காட்டுகிறார். உள்ளே பளிச்சென்று இருக்கிறது. பெயின்ட் தின்னர் நெடி மூக்கில் ஏறுகிறது.

“அவ்ளோ தூரத்துலர்ந்து வரீங்கோ, அயுக்கா குடுக்கலாமா சார்? உள்ள இன்னாவோ மஞ்சளா அப்பிக்கினு இருந்துச்சு. நல்லா தொடச்சிட்டேன். இப்போ புத்சு மாறி கீது பாருங்க.”

“நல்லாருக்குக்கா,” என்கிறேன். அவர் முகம் மலர்ந்துவிடுகிறது.

அவர் சணல் எடுத்து வந்து கட்டுகிறார். நான் போனில் அந்தப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்குகிறேன். ரேகை தெரியப்போகிற நேரத்தில் படம் கலங்கிவிடுகிறது. சிறிதாக்கிவிட்டு, மறுபடியும் பெரிதாக்குகிறேன்.