கிணற்றடி ஜீப்

எதிர் ஃபிளாட்டில் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாசம் சன்னல் வழியாக வந்ததுமே குமட்டிக்கொண்டு வருகிறது. முடிச்சூர் வீட்டுக் கிணறு நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த வீடும் இல்லை, கிணறும் இல்லை. எல்லாம் அடுக்குமாடிக்கு அடியில் போய்விட்டன.

எண்பதுகளின் கடைசியில், ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப்பை அப்பா கிணற்றடியில் கொண்டுவந்து நிறுத்தினார். சீட்டைக் கழற்றியபோது செத்த எலிகள் காய்ந்து ஒட்டிக்கிடந்தன. ஞாயிறுதோறும் துருவைச் சுரண்டுவதும், பழைய பெயிண்டை உரிப்பதும், கறுத்த ஆயிலையும் தின்னரையும் அங்கேயே கொட்டுவதுமாக அவர் கிடக்க, தரை வழுவழுத்து, துவைத்த பாவாடையெல்லாம் துருக்கறை படிந்து, கடைசியில் சோற்றிலேயே அந்த நாற்றம் ஏறி, நானும் தம்பியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோம். அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்.

புதுப் பச்சைப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிய அன்று, கிணற்றில் இறைத்த வாளித் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. அம்மா ஒரு சொம்பு மொண்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"பசங்க குடிக்கிற தண்ணி. நீங்களே குடிச்சிப் பாருங்க."

அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். ஜீப்பை வெளியே தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து, முழுச் சொம்பையும் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தானே கீது? இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பேஜார் பண்ற?"

புறங்கையால் வாயைத் துடைத்தார். மீசையில் பச்சை அப்பியது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குத் தண்ணீர் கேட்கப் போனாள். அப்பா பானெட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போனார்.