வெடிக்குப் பயப்படாத தங்கை

சிவகாசியில் வெடிச் சத்தத்துக்கு அழாத குழந்தைக்குத் தனி மரியாதை உண்டு. என் தங்கைக்கு அந்த மரியாதை இரண்டரை வயதில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்னால் ஓர் ஓலைவெடிக்கே அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொள்வாள். அம்மை போட்டு, பதினைந்து நாள் வேப்பிலையில் கிடந்து எழுந்த பிறகுதான் இந்த மாற்றம். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கடனைச் செலுத்திவிட்டு வந்த அம்மா, "ஆத்தா பயத்தையும் சேத்துக் கொண்டு போயிட்டா" என்று எல்லாரிடமும் சொன்னாள்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பொட்டலில் சரக்கை வெடித்துப் பார்க்கும் நாட்களில் தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு போவார். நாங்களெல்லாம் காதைப் பொத்திக்கொள்ள, அவள் புகையைப் பார்த்துச் சிரிப்பாள். "எம்மக அசையுதாளா பாத்தீகளா!" என்று ஆர்டர் கொடுக்க வந்தவர்களிடம் காட்டுவார். எனக்கு அப்போது ஆறு வயது, வயிறு எரியும். அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு தேறினால் சரியாகிவிடும் என்றார்கள்.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்த் திரும்பியவர், எங்கள் வாசலில் மணலில் விளையாடிக்கொண்டிருந்த தங்கையைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு அம்மாவிடம், "பின்னால இருந்து கூப்பிட்டாத் திரும்புதாளா?" என்று கேட்டார்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன இப்படிக் கேக்கீக? சேட்டை கூடிப்போச்சு, அம்புட்டுத்தான்."

நர்ஸம்மா ஒரு தட்டும் கரண்டியும் வாங்கிக்கொண்டு தங்கைக்குப் பின்னால் போய் நின்றார். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தட்டு கணீரென்று ஒலித்தது. அவள் மணலை அள்ளிக்கொண்டே இருந்தாள். வகுப்பில் விடை தெரியாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. இவள் தோற்றுவிடக் கூடாது என்று தோன்றியது. மறுபடி கரண்டியை ஓங்கியபோது, பின்னால் பார் என்று கண்ணால் சாடை காட்டினேன். அவள் சட்டென்று திரும்பினாள்.

"கேக்குதே!" என்று அம்மா அவளை வாரி அணைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். நர்ஸம்மாவுக்கு மனது ஒப்பவில்லை. எதற்கும் மதுரைப் பெரிய டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காது கேட்கிற பிள்ளையை டாக்டரிடம் யார் கூட்டிப்போவார்கள்? தீபாவளி சீசன் வந்தது, போனது.

மதுரைக்குப் போனபோது அவளிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை. முன்பு என்னவெல்லாம் பேசுவாள் என்று டாக்டர் கேட்டார். அம்மா விரல்விட்டுச் சொன்னாள்: அம்மா, அப்பா, அக்கா, தண்ணி, நிலா.

"அம்மையில போன காது இனி வராதும்மா. ஆனா பேச்சு மறக்கிறதுக்கு முன்னாலேயே வந்திருந்தா, வாயசைவைப் பாத்துப் பேசப் பழக்கியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

"போன வருசம் தட்டுச் சத்தத்துக்குத் திரும்பினாளே டாக்டர்!" என்றாள் அம்மா.

நான்தான் சாடை காட்டித் திருப்பினேன் என்று சொல்ல என் வாய் துடித்தது. சொன்னால் டாக்டர் என்னைக் கெட்டிக்காரி என்பார் என்று நினைத்தேன்.