பாசி பிடிக்க வைத்த தோரணவாயில்

பழமையைக் காப்பதற்காகப் புதிதாக ஒன்றைக் கட்டினால், அதற்கு எத்தனை வயது என்று சொல்வது? நேற்று சலவைக் கடையிலிருந்து வந்த வேட்டியைப் பிரித்தேன். கஞ்சி வாசம் எழுந்தது; கூடவே இந்தப் பழைய கேள்வியும் எழுந்தது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஐம்பதுகளின் கடைசியில் அம்மாபேட்டையில் எங்கள் தெருவே ஒரு நெசவுக்கூடம். தறியில் ஏற்றவேண்டிய பாவு நூலை விடியலில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். இருபுறமும் சுண்ணாம்புக் காரை வீடுகள். வாசல்தோறும் நிலைக்கு மேலே சுதைக் கிளிகள். சந்தைக்குக் குறுக்குவழி கண்டுபிடித்த ஒரு லாரி இதற்குள் நுழைந்து, எதிர்வீட்டுப் பாவாயி அக்காவின் பாவை அறுத்துக்கொண்டு போனது. "இன்னொருக்கா அறுந்தா நூல் குடுக்க மாட்டேங்கறாருங்க மொதலாளி" என்று அவர் அழாமல் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

பி.ஏ. முடித்து வேலைக்குக் காத்திருந்த நான் அப்போது தெருச் சங்கத்தின் செயலாளர். மாட்டுவண்டி நுழையலாம், லாரி நுழையக் கூடாது. தெருவின் முகமும் கெடக் கூடாது. பின்விளைவுகளை எல்லாம் சிந்தித்து (அப்படித்தான் நம்பினேன்) தெருமுனைக்குத் தாழ்வான தோரணவாயில் ஒன்றை வரைந்தேன். காரைப்பூச்சு, உச்சியில் இரண்டு கிளிகள். கட்டி முடித்தபோது, இழவு வீட்டுக்குப் பட்டுவேட்டியில் வந்தவரைப்போல் அது பளபளத்தது. பழசாக்க வேண்டும் என்றேன்.

கொத்தனார் அந்தோணி கரண்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க சாமி, பழசப் புதுசாக்கறதுக்குத்தானுங்க எனக்குக் கூலி?"

ஆனாலும் செய்தோம். மீந்த பாவுக்கஞ்சியில் சாணம் கரைத்து, வீட்டுக்கு வீடு முறைவைத்து அதன்மேல் ஊற்றினோம். மழைக்காலமும் கைகொடுத்தது. பாசி படர்ந்தது, ஒரு கிளிக்கு மூக்கு உதிர்ந்தது, விரிசலில் அரசங்கன்று முளைத்த அன்று சங்கத்தின் சார்பில் சுண்டல் வழங்கினோம்.

அடுத்த வருடம், பழுதான கட்டடங்களைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். குடை முனையால் தூணைத் தட்டினார்.

"நூறு வருசம் இருக்குமா? எப்ப வேணா விழும். இடிச்சிரணும்."

நூறு வருடம் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் மற்றது காதில் ஏறியது. "ஐயா, இது போன வருசம் கட்டினதுங்க!"

"அப்படியா? அனுமதி வாங்கினீங்களா?"

வாங்கவில்லை.

"பழசுன்னாலும் இடிக்கணும், புதுசுன்னாலும் இடிக்கணும். எதுன்னு எழுதிக்கட்டும்? நீங்களே சொல்லுங்க" என்றார் கனிவாக.

இடித்தார்கள். இடிப்பது எங்கள் வேலை, அள்ளுவது உங்கள் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் இடித்ததை நாம் ஏன் அள்ள வேண்டும் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. குவியல் தெருமுனையிலேயே கிடந்தது. ஒரு மாட்டுவண்டி ஒதுங்கிப் போக மட்டும் இடம் இருந்தது. சந்தை லாரி வந்தது, நின்றது, உறுமியது, பின்வாங்கியது. இடிந்த தூணின் அடிக்கட்டையில் பாவின் முனையைக் கட்டிக்கொண்டிருந்த பாவாயி அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"பி.ஏ. சாமி, நீங்க கட்டுனதவிட அவுரு இடிச்சது நல்லாருக்குதுங்க!"

அந்தப் பாவு அறுபடாமல் தறியேறியது. அதற்குப் பின்வந்த பாவுகளும்தான்.

அறுபதுகளில் தார்ச்சாலை போட வந்தவர்கள் குவியலை ஒரே காலையில் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் லாரிகள் வந்தன. பாவாயி அக்கா ஊருக்கு வெளியே புளியந்தோப்பில் பாவு கட்டத் தொடங்கினார். எங்கள் தெருவில் கஞ்சி வாசம் அத்தோடு இல்லாமல் போயிற்று.