வாசலைக் கழுவினது தப்பா?

போன வருஷம் ஆடி மாசம் நடந்தது. பெங்களூர்ல வைட்ஃபீல்ட் பக்கம் நான் வேலை பார்க்கிற கல்யாண மண்டபம் முகூர்த்தம் இல்லாம ஈ ஓட்டிக்கிட்டு இருந்தது. அங்கே சவுண்டு, லைட்டு, ஸ்கிரீன் எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. "பொம்பளையா, ஒயர் வேலைக்கா?"ன்னு கேட்டவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் கொஞ்சம் நீளமாயிடுச்சு. அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க மண்டப வாசல்ல ஒரு பெரிய டிவி. பொண்ணு மாப்பிள்ளை போட்டோ ஓடும். ரெண்டு பக்கமும் ஸ்பீக்கர், அதுல நாதஸ்வரம். வீட்டு ஹால்ல வைக்கிற டிவியை இரும்பு ஃப்ரேமுக்குள்ள அடைச்சு, மேல தகரக் கூரை போட்டு, எனக்கு முன்னால இருந்த யாரோ வச்சுட்டுப் போயிருந்தாங்க. இது வெளியில வைக்கிற சாமானே இல்லை, மாத்துங்கன்னு நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன். யார் காதுல விழுது?

வாசலைக் கழுவுறது ஒரு அக்கா. தர்மபுரிக்காரங்க, பொம்மனஹள்ளியில குடித்தனம். ரெண்டு பஸ் மாறி விடியறதுக்குள்ள வந்துடுவாங்க. பைப் வாயில கட்டைவிரலை அழுத்திப் பிடிச்சு, படி, தூண், மூலை முடுக்கெல்லாம் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுட்டு அப்புறம்தான் கோலம். ஆடி பிறக்கறதுக்கு முன்னால வந்த கடைசி முகூர்த்தத்துல, கழுவி முடிச்ச ஈரக் கையோட அந்த ஃப்ரேமைப் பிடிச்சுட்டாங்க. கரண்ட் தூக்கி எறிஞ்சுடுச்சு. படியில விழுந்து முழங்கை கிழிஞ்சது. கை விடுபட்டதால உயிர் தப்பிச்சாங்க.

ஓனர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே கார்ல கூட்டிட்டுப் போனார். ஆனா திரும்பி வந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? டிவி இருக்கற இடத்துல யாரு தண்ணி அடிக்கச் சொன்னதுன்னு கேட்டார்! அந்தம்மாவை நிறுத்திட்டு, மாப் போடற ஆளா ஒருத்தரை வச்சுக்கலாம்னு முடிவே பண்ணிட்டார்.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "சார், கல்யாண வாசலைக் கழுவினது தப்பா? தண்ணி தெளிக்காத மண்டபம் இந்த ஊர்ல ஒண்ணு காட்டுங்க, நானும் வேலையை விட்டுடறேன்"னேன். அவர் முறைச்சுப் பார்த்தார். பைப் தண்ணிக்குத் தாங்கற செட்டு ஒண்ணு காட்டு, அந்தம்மா இருக்கட்டும், இல்லேன்னா பேச்சே கிடையாதுன்னுட்டார்.

முதல் வேலையா, கரண்ட் கசிஞ்சா தானா லைனை வெட்டற டிரிப் சுவிட்சை வாசல் லைனுக்குப் போட்டேன். அப்புறம் ஒரு கம்பெனியில சொல்லி, தண்ணியைப் பீய்ச்சி அடிச்சாலும் உள்ளே போகாதுன்னு சான்று இருக்கற ஸ்கிரீனும் ஸ்பீக்கரும் வரவழைச்சேன். அதுக்குள்ள ஓனரோட மச்சினர் தன் கடையிலேருந்து ஒரு செட்டைத் தூக்கிட்டு வந்துட்டார். அட்டையில பெருசா 'வெதர்ப்ரூஃப்'னு போட்டிருந்தது. சாரல் தெறிச்சா தாங்கும், அவ்வளவுதான். "மேல கூரை இருக்கே, சும்னே டென்ஷன் மாட்கோபேடி மேடம்"னு, சும்மா டென்ஷன் ஆகாதீங்கன்னு கன்னடத்துல சொல்லிச் சிரிச்சார். மழை மேலேருந்து வரும் சார், எங்க அக்கா தண்ணி கீழேருந்து வரும்னு சொல்லிட்டு நான் பைப்பை எடுத்தேன்.

எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அவர் ஸ்கிரீனோட அடிப்பக்கத்துல ஒயர் நுழையற இடமாப் பார்த்துத் தண்ணியைக் காட்டினேன். ஸ்கிரீன்ல கோடு கோடா வந்துச்சு. டப்புன்னு டிரிப் சுவிட்ச் விழுந்து லைன் போயிடுச்சு.

"யாராவது டிவி மேல தண்ணி அடிப்பாங்களா?"ன்னு மச்சினர் கத்தினார்.

"நாங்க அடிப்போம். தினமும் அடிப்போம்!"

அவர் செட்டை எடுத்துட்டு என் செட்டை வாசல் ஃப்ரேம்ல மாட்டி, லைனைப் போட்டுப் பாட்டையும் ஓட விட்டேன். ஓனர் என் பக்கம் திரும்பினார். இப்போ உன் செட்டுல அடி, இதுவும் போச்சுன்னா அந்தம்மா கூடவே நீயும் கிளம்புன்னார். உண்மையைச் சொல்றேன். சான்றைத்தான் படிச்சிருந்தேனே தவிர, அந்த ஸ்கிரீன் மேல நானும் ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பார்த்ததில்லை.

ஓரமா நின்னுக்கிட்டிருந்த அக்கா, கட்டுப் போட்ட கையோட வந்து பைப்பைப் பிடுங்கிட்டாங்க. "குடு கண்ணு. நீ செடிக்கு ஊத்தற மாதிரி ஊத்தற."

அக்கா அடிக்கப் போறாங்கன்னதும் எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்துச்சோ தெரியலை. நேரா போய் ஃப்ரேம் மேல புறங்கையை வச்சுக்கிட்டு நின்னேன். இதுல கரண்ட் வந்தா முதல்ல எனக்கு வரட்டும்னேன். பைத்தியமான்னு ஓனர் அலறினார். அக்கா, கையை எடு கண்ணுன்னு கெஞ்சினாங்க. நான் எடுக்கலை. அடிங்கக்கான்னேன்.

அடிச்சாங்க பாருங்க! கீழேருந்து, பக்கவாட்டுலேருந்து, ஸ்பீக்கர் வாய்க்குள்ளயே. நாதஸ்வரம் கம்பளிக்குள்ள புகுந்த மாதிரி அமுங்கிடுச்சு. போச்சுன்னார் ஓனர். எனக்கும் போச்சுன்னுதான் தோணுச்சு, ஆனா கையை மட்டும் எடுக்கலை. ஸ்பீக்கர் வலையில தேங்கின தண்ணி சொட்டுச் சொட்டா வடிஞ்சு, பாட்டு மெல்ல மெல்லத் தெளிஞ்சு, கணீர்னு வந்துச்சு. ஸ்கிரீன் ஒரு தடவைகூட மினுக்கலை. ஏதோ பழைய கல்யாணத்துப் பொண்ணு மாப்பிள்ளை அதுல சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் மட்டும் தலையிலேருந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சிருந்தேன்.

ஓனர் இதுவே இருக்கட்டும்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டார். மச்சினர் இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பேசறதில்லை. பேசாட்டி போகட்டும்.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்னிக்கு வாசல் கழுவினப்போ, அக்கா அந்த ஃப்ரேமை மட்டும் சுத்திக்கிட்டு விலகி விலகிப் போனாங்க. பயம் போகலை, எப்படிப் போகும்? நான் போய் மறுபடியும் அதுமேல கையை வச்சுக்கிட்டு நின்னேன். அப்புறம்தான் அவங்களும் வந்து ஒரு விரலால தொட்டுப் பார்த்துட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுத்தாங்க.

அன்னிலேருந்து எப்பேர்ப்பட்ட கம்பெனி ஆள் வந்து 'வெதர்ப்ரூஃப் மேடம்'னு சொன்னாலும், பைப்பை அக்கா கையில குடுத்துட்டு, "முதல்ல நீங்க அதுமேல கையை வைங்க சார்"னு சொல்றதுக்கு எனக்குக் கூச்சமே இல்லை.