முதுகில் ஒட்டிய ஏழு

இன்று காலை என் சட்டை முதுகில் ஒரு ஏழு ஒட்டிக்கொண்டது. நாகலூரில் கூலிக்காரர் நாங்கள் குடியிருக்கும் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே, ஊற்றை ஒட்டி நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து பீடி பற்றவைத்தேன். வெட்டுவதற்காக அந்த மரத்துக்கு எண் போட்டிருக்கிறார்கள், பெயிண்ட் இன்னும் காயவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு அது ஏழு என்று தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தை வெளியே நின்று மட்டும் பார்த்தவன் நான். மகள்தான் படித்துச் சொன்னாள். இதை எழுதுவதும் அவள்தான். நான் சொல்லச் சொல்ல, கெட்ட வார்த்தைகளைக் களைந்துவிட்டு எழுதுகிறாள்.

இதே மரத்துக்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்பும் ஒரு எண் போட்டார்கள். அதைச் சுரண்டிய தழும்பு மரம் பருக்கப் பருக்கத் தானும் அகலமாகிவிட்டது. சுரண்ட வைத்தவர் எங்கள் மேஸ்திரியம்மா.

அப்போது எஸ்டேட்டில் நெருப்புப் போடுவது என் வேலை. கழுவிய காபிக் கொட்டையை உலர்த்தக் கொட்டகையில் ஓர் உலை இருந்தது. விறகுத் தீயில் இரும்புக் குழாய் காயும், அந்தச் சூட்டை ஃபேன் கொட்டை பரப்பிய இரண்டு படுக்கைகளுக்குள் தள்ளும். குழாய் சிவக்கும்வரை விறகைத் திணிப்பதுதான் திறமை என்று நினைத்தேன். எனக்கு இருந்த ஒரே திறமையும் அதுதான். மேஸ்திரியம்மா உலர்த்தும் வேலைக்குப் பொறுப்பு, என்னைவிட இளையவர். மாதா கோயிலில் பாடும் அந்தக் கணீர்க் குரலில்தான் என்னைத் திட்டுவார்.

"ஏனுங்க, கொட்டைக்குப் பாப்பாவுக்குத் தண்ணி ஊத்தற சூடு போதுமுங்க. நீங்க என்னமோ பொணம் எரிக்கறாப்புல எரிக்கறீங்க."

"நமக்குத் தெரிஞ்ச வித்தை அது ஒண்ணுதானுங்க" என்பேன்.

காட்டு விறகு தீர்ந்துபோன ஒரு தை மாதம், ஊற்றங்கரை மரங்களுக்கு எண் போடச் சொன்னார் மேனேஜர். மரம் போனால் ஊற்று போகும், ஊற்று போனால் லைனில் குடிக்கத் தண்ணீர் இல்லை. எல்லோரும் முணுமுணுத்தோம், நான் கொஞ்சம் சத்தமாக முணுமுணுத்தேன். மேஸ்திரியம்மா மட்டும் நேராகப் போய் மேனேஜர் முன்னால் நின்றார். கொட்டகையின் தகரக் கூரைக்கடியில் போட்ட ஈரச் சேலை அரை நாளில் மொறமொறவென்று காய்வதை அவர் வெகு நாளாகப் பார்த்து வைத்திருந்தார். தகரத்துக்குக் கறுப்பு அடித்து, அடியில் கோணி கட்டி, அந்தச் சூட்டை ஃபேனால் இழுத்தால் விறகே வேண்டாம் என்றார்.

மேனேஜர் சிரித்தார். "கொட்டை கெட்டுப்போனா?"

"ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடறேனுங்க சார். கெடலைன்னா மரத்துல ஒரு வெட்டு உழக் கூடாது."

வேலையோடு வீடும் போகும் பந்தயம் அது. இரண்டு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு கட்டினார்.

மூன்று நாள் நல்ல வெயில். உலை வாயில் பூனை படுத்துத் தூங்கியது. நானும் பக்கத்தில் படுத்தேன், இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் தரலாம் என்று பேசிக்கொண்டார்கள். நான்காம் நாள் மூடுபனி இறங்கியது. மேஸ்திரியம்மா பதறவில்லை. இரண்டு படுக்கையையும் கோணி போட்டு மூடி, "வெயில் எங்கயும் ஓடிப்போயிடாதுங்க, யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கொட்டையில் பூஞ்சை பூத்துவிட்டால் குழந்தைகளோடு தெருவில் நிற்பாரே என்று, மிச்சம் கிடந்த விறகை உலையில் போட்டேன். அது ஒரு படுக்கைக்குத்தான் போதும். அதற்குச் சூடு போகும் கதவை மட்டும் திறந்தேன். குழாயில் ஓட்டை விழுந்து, சூட்டோடு புகையும் கொட்டைக்குள் போனது எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நெருப்புப் போட்டவனுக்குப் புகை போகும் வழி தெரியவில்லை.

மறுநாள் வெயில் வந்து மிச்ச ஈரத்தையும் எடுத்தது. மேனேஜர் இரண்டு படுக்கையிலும் ஒவ்வொரு பிடி எடுத்து வறுத்து, தனித்தனியாகக் காபி போடச் சொன்னார். முதல் டம்ளரை ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"அடுப்படிக் கோணியாட்டம் நாறுது. பொட்டியக் கட்டும்மா."

மேஸ்திரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் காக்கி டவுசரில் சாம்பல் இருந்தது. நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"நான்தானுங்க சார், அவுங்க இல்லாதப்ப தீ போட்டனுங்க. அது நம்ம பொகைங்க. அடுத்த டம்ளருதான் அவுங்க வெயிலுங்க."

இரண்டாவது டம்ளரை மேனேஜர் குடித்தார். அடிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"பேச்சுன்னா பேச்சுங்க சார்" என்றார் மேஸ்திரியம்மா. "பெயிண்ட்டச் சொரண்டச் சொல்லுங்க."

"பனி எறங்கற நாள்ல என்ன பண்ணுவ?"

"செடியக் கவாத்துப் பண்ணி வெட்டுன கட்டை, காஞ்ச காப்பித் தோலு, கீழ உழுந்த கொம்பு. ஓட்டைய அடைச்சிட்டு அதை எரிச்சாப் போதுமுங்க. நிக்கற மரம் எதுக்குங்க?"

சுரண்டும் வேலை எனக்கே வந்தது. அதன்பின் உலை எரிந்த நாட்கள் கொஞ்சம். நான் கூரைத் தகரத்தைக் கூட்டித் துடைப்பவனானேன். வெயிலுக்கு எடுபிடி என்று லைனில் பெயர் வைத்தார்கள். இப்போது ரேடியோவில், ஊர் உலகமெல்லாம் விடும் புகையால் பூமியே சூடாகிறது என்கிறார்கள். அந்தப் புகையில் என் பங்கும் இருக்கிறது, நிறையவே எரித்திருக்கிறேன். மேஸ்திரியம்மா தடுத்த பங்கும் இருக்கிறது, அதை எந்த ரேடியோவும் சொல்லாது.

எஸ்டேட் கை மாறிவிட்டது. புது முதலாளி கறுப்புத் தகரத்தைப் பிரித்துவிட்டுப் பெரிய உலை கொண்டுவருகிறார். மேஸ்திரியம்மா இப்போது மஞ்சக்குட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறார். மத்தியானம் ஜீப்காரரிடம் சேதி அனுப்பினேன். பதிலும் அதே ஜீப்பில் வந்தது: "காலைல மொத ஜீப்புல வாரேன். அதுக்குள்ள எந்த வேலையும் செஞ்சு வைக்காதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்க."

செய்யவில்லை. மரத்தடியில், எண்ணை மறைத்துச் சாய்ந்து, சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். மரம் வெட்டும் கான்ட்ராக்டர் ஆள் வந்து, "ஏழாம் நம்பர் எங்கீங்க?" என்று தேடினான். திரும்பி உட்கார்ந்து சட்டையைக் காட்டினேன்.

"இங்க இருக்குது சாமி. ஆரம்பி."